தலை சுற்றுவது ஏன்?



இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் முறையீடு ஒன்று உண்டு. "டாக்டர் ஐயா, அடிக்கடி தலை சுற்றுகிறது. எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் சுற்றுவது மட்டும் நிற்கவில்லை" என்பதே அது. எழுதுகிறவர்களில் இல்லத்தரசிகள் உண்டு. மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ சில மாதங்கள் தங்கிச் செல்ல ஊரிலிருந்து வந்திருக்கும் முதியோர் உண்டு. அலுவலகத்தில் நாள் முழுதும் அமர்ந்து பணியாற்றும் இளைஞர்களும் உண்டு. ஆகவே இத்திங்கள் இவ்விஷயத்தையே சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தலைசுற்றல் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறியே. அதன் பின்னே இருப்பது காதாக இருக்கலாம், இரத்தமாக இருக்கலாம், இருதயமாக இருக்கலாம், நாம் விழுங்கும் மாத்திரையாக இருக்கலாம், நாம் குடியிருக்கும் வீடாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது பலருக்கு வியப்பளிக்கும். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

சொல்லில் நேரும் குழப்பம்

நம் தாய்மொழியில் இத்தொல்லைக்குப் பல சொற்கள் உள்ளன. சுவரும் கூரையும் சக்கரம் போலச் சுழல்வதாகத் தோன்றினால் அது தலைசுற்றல். எழுந்து நின்றதும் பார்வை மங்கி விழப்போவது போலானால் அதைக் கண் இருட்டுதல் என்கிறோம். தலை தெளிவாக இருந்தும் கால் தரையில் பாவாமல் நடை தடுமாறினால் அது தள்ளாட்டம். தலை கனமற்று மிதப்பது போன்ற உணர்வு கிறுகிறுப்பு. நினைவே தப்பிவிட்டால் மயக்கம். ஆனால் வெறும் சோர்வையும் மயக்கம் என்று சொல்லுகிறவர்கள் நம்மில் பலர்.

இவ்வளவு சொற்களும் வடக்கே வந்து வைத்தியர் முன் அமர்ந்ததும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. "சக்கர் ஆதா ஹை" என்று சொல்லிவிட்டு நாம் வாய் மூடிக்கொள்கிறோம். வைத்தியருக்கோ மேற்சொன்ன வேறுபாடுதான் பாதி விடை. சுழல்வது பெரும்பாலும் காதைச் சுட்டும். கண் இருட்டுவது இரத்த ஓட்டத்தைச் சுட்டும். தள்ளாட்டம் நரம்புகளையும் மூளையையும் கவனிக்கச் சொல்லும். ஆகவே இந்தி சரளமாக வராதவர்கள், நேர்ந்ததைக் கையால் காட்டியேனும் விளக்க வேண்டும். வீட்டில் இந்தி நன்றாகத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது இன்னும் நலம். அழைத்துச் செல்லப்படுகிறவர், நோயாளி சொல்வதை முழுதும் கேட்டு, சுருக்காமல் பெயர்த்துச் சொல்ல வேண்டும்.

காதினால் வருவது

நம் காது கேட்பதற்கு மட்டும் அமைந்ததன்று. உட்காதில் அரைவட்ட வடிவான மூன்று நுண்குழல்கள் உள்ளன. அவற்றினுள் இருக்கும் நீர், தலை அசையும் திசையை மூளைக்கு அறிவிக்கிறது. அவற்றின் அருகே உள்ள ஒரு சிறு பையில் சுண்ணாம்பு மணிகள் பதிந்திருக்கின்றன. வயது முதிர்வினாலோ, தலையில் அடிபட்டதனாலோ, சில வேளை காரணமே தெரியாமலோ, அம்மணிகளிற் சில பெயர்ந்து குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. பிறகு படுக்கையில் புரண்டாலும், பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்து பார்த்தாலும், உலகமே சுழல்கிறது. ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும். மறுபடி அதே பக்கம் திரும்பினால் மறுபடி வரும். திரும்பத் திரும்ப வரும் தலைசுற்றலில் மிகச் சாதாரணமானது இதுவே.

உட்காதின் இத்தொழிலை ஆராய்ந்தவர் வியன்னா நகரில் பணியாற்றிய ராபர்ட் பாரனி என்னும் மருத்துவர். 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்போது அவர் போர்க் கைதியாக ருஷ்யாவில் இருந்தார். 1952இல் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்னும் இருவர், நோயாளியைச் சட்டென்று படுக்கவைத்துக் கண்ணின் அசைவைப் பார்த்து இதனைக் கண்டறியும் முறையை வகுத்தனர். 1992இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் எப்லி, தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பி மணிகளைப் பழைய இடத்துக்கே கொண்டு சேர்க்கும் முறையை வெளியிட்டார். சில நிமிஷங்களில் முடிந்துவிடும் இச்சிகிச்சைக்கு மருந்தே தேவையில்லை. காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் இதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள் பலர்.

தலைசுற்றலோடு காது அடைப்பும் இரைச்சலும் செவி மந்தமும் சேர்ந்து வந்து, 20 நிமிஷம் முதல் பல மணி நேரம் வரை நீடித்தால் அது வேறு வகை. அது காதின் கோளாறே என்று 1861இல் பாரிஸில் எடுத்துரைத்த புரோஸ்பெர் மெனியேரின் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. இவர்களுக்கு உப்பைக் குறைக்குமாறு வைத்தியர்கள் சொல்வதுண்டு. ஊறுகாயும் அப்பளமும் வடகமும் இல்லாமல் உணவு இறங்காத நமக்கு இது சற்றுக் கடினமான பத்தியந்தான். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் தலைவலி இல்லாத நாளிலும் அதன் உறவான தலைசுற்றல் வரலாம். வெளிச்சமும் ஓசையும் பொறுக்க முடியாமற்போவது இதன் அடையாளம். உறக்கக் குறைவும் வேளை தப்பிய உணவும் இதைத் தூண்டும்.

இரத்தத்தினால் வருவது

படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. உடம்பு உடனே நரம்புகளை முடுக்கி அதைச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யாவிட்டால் கண் இருட்டும். இதனைக் கண்டறிய, ஐந்து நிமிஷம் படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்து, பின் நிற்கவைத்து மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலும், கீழ் எண் 10 இறங்கினாலும் அதுவே காரணம் என்று சந்தேகிக்கலாம். உட்கார்ந்தபடியே ஒரு முறை பார்த்துவிட்டு "நார்மல்" என்று சொன்னால் இது அகப்படாது.

வைகாசி, ஆனி மாதங்களில் இங்கு வீசும் அனற்காற்றில் உடம்பின் நீர் வற்றுவதாலும் இவ்வாறு நேரும். குளிர்காலத்தில் தாகம் தெரியாமல் தண்ணீரையே மறந்துவிடுகிறவர்களுக்கும் நேரும். இரத்தக் கொதிப்புக்கும், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகளாலும் நேரும். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்பு தளர்ந்து நேரும். காரணம் எதுவாயினும், மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. வைத்தியரே அளவையும் வேளையையும் மாற்றித் தர வேண்டும்.

அடுத்து இரத்தச்சோகை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தாலே அது சோகைதான். "எனக்கு எப்போதும் 9தான், அது என் உடம்பு வாகு" என்று சொல்லும் சகோதரிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வாகு கிடையாது. வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தை அவர்கள் முதலில் விட வேண்டும். மாதவிலக்கில் மிகுதியாகப் போகிறதா என்பதையும் கூசாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மரக்கறி உணவினர் கவனிக்க வேண்டியது வைட்டமின் பி12. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே அது உண்டு. மோர் மட்டும் நீர்க்கக் கரைத்து ஊற்றிக்கொள்ளும் முதியவருக்கு அது போதாமற்போகலாம். நீரிழிவுக்கு மெட்பார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்பவர்களுக்கும் அது குறையலாம். அக்குறைவினால் கால் மரத்து, இருட்டில் நடை தடுமாறும். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் சிலவகை மாத்திரை உண்பவர்களும், வேர்வையும் நடுக்கமும் பசியும் சேர்ந்து தலை கிறுகிறுத்தால், உடனே சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். அது 70க்குக் குறைந்திருந்தால் தாமதியாமல் சர்க்கரையோ பழச்சாறோ உட்கொள்ள வேண்டும். மாரில் படபடப்போடு திடீரென்று கண் இருண்டு விழுந்தால் இருதயத் துடிப்பின் ஒழுங்கைப் பரிசோதிக்க வேண்டும்.

கழுத்துப் பட்டையும் கடை மாத்திரையும்

தலைசுற்றல் என்றதும் நம் பாட்டிமார் "பித்தம்" என்று சொல்லி இஞ்சிச் சாறு தருவார்கள். இங்குள்ளவர்கள் "சர்வைக்கல்" என்று சொல்லிக் கழுத்துக்குப் பட்டை கட்டுகிறார்கள். நடுவயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கழுத்து எலும்பு சிறிது தேய்ந்தே இருக்கும்; எக்ஸ்ரே படத்தில் அது தெரிவதனாலேயே தலைசுற்றலுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. இஞ்சிச் சாற்றினால் கெடுதல் இல்லை. ஆனால் இரண்டுமே உண்மைக் காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடக் கூடும்.

மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் மாத்திரைகள் இன்னும் கவலைக்குரியவை. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை கடுமையான சுழற்சியைச் சில நாட்களுக்கு அடக்க நல்லவையே. மாதக்கணக்கில் உண்டால் முதியவர்களுக்கு உடம்பு விறைத்து, கை நடுங்கி, நடை தளர்ந்து, வேறொரு வியாதி வந்தது போலாகிவிடும்.

வீட்டுக்குள் இருந்த காரணம்

நிற்க. இனி, முன்பு சொல்வதாகச் சொன்ன நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாதத்தில், தில்லியில் பணியாற்றும் அன்பர் ஒருவர் தம் தாயாரை என்னிடம் அழைத்து வந்தார். மன்னார்குடிப் பக்கத்தைச் சேர்ந்த அந்த அம்மையார் அறுபதைக் கடந்தவர். ஐப்பசியில் மகன் வீட்டுக்கு வந்தவருக்குக் கார்த்திகை முடியுமுன் தலைசுற்றல் தொடங்கிவிட்டது. இரு முறை குளியலறை வாயிலிலேயே சரிந்து விழுந்திருக்கிறார். ஓரிடத்தில் இரத்தமும் சர்க்கரையும் இருதயப் படமும் பார்த்துக் குறையில்லை என்றார்கள். மற்றோரிடத்தில் கழுத்துக்குப் பட்டை கட்டினார்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் பிராணவாயுக் கருவி 98 காட்டியது. உடன் சென்ற மருமகளுக்கு, "அத்தைக்கு சக்கர் வருகிறது" என்பதற்கு மேல் இந்தியில் விளக்க முடியவில்லை.

இதற்குள் வீட்டில் வேறொரு பேச்சு எழுந்துவிட்டது. "ஊருக்குப் போக வேண்டும் என்ற ஏக்கந்தான், உடம்பில் ஒன்றும் இல்லை" என்று. அம்மையாரும் அதை நம்பத் தொடங்கிவிட்டார். "பிள்ளைக்கு வீண் செலவு வைத்துவிட்டேன் ஐயா" என்று என்னிடமே கண் கலங்கினார். தை மாதத்துக்கு ரயில் சீட்டும் எடுத்தாகிவிட்டது.

நான் புதிதாகப் பரிசோதனை ஏதும் எழுதித் தரவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது சுற்றியது என்று தமிழிலேயே எழுதிவரும்படி சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவர் கொண்டுவந்த நோட்டில் நான்கு குறிப்புகள் இருந்தன. நான்கும் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையுமாகவே இருந்தன. நான்கும் காலை வேளை.

"செவ்வாயும் வெள்ளியும் என்ன அம்மா விசேஷம்?" என்று கேட்டேன்.

"அன்றைக்குத்தானே ஐயா எண்ணெய் தேய்த்து முழுகுவது? சீயக்காய் போட்டு அலசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிவிடும். மற்ற நாளில் இந்தக் குளிரில் யார் நிற்பது? இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவேன்" என்றார்.

"வெந்நீருக்கு என்ன ஏற்பாடு?"

மகன் பதில் சொன்னார். குளியலறைச் சுவரிலேயே காஸ் கீசர் மாட்டியிருக்கிறது. சிறிய சன்னல் ஒன்று உண்டு. குளிர்காற்று வருகிறதென்று அம்மாவுக்காகப் பழைய செய்தித்தாளை வைத்து அவரே அடைத்திருக்கிறார்.

விஷயம் விளங்கிவிட்டது. மூடிய அறையில் காஸ் எரியும்போது அங்குள்ள பிராணவாயு குறைகிறது. அப்போது எரிவது முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் துவளுதல் என்று தொடங்கி, நினைவு தப்பி, உயிரே போய்விடக் கூடும். வெளிக்காற்றில் சில மணி நேரம் இருந்தால் அந்நச்சு மெல்லக் கழிந்துவிடும். ஆகவே மாலையில் எடுத்த இரத்தத்தில் அது பிடிபடுவது அரிது. விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு இந்நச்சு ஏறிய இரத்தத்துக்கும் பிராணவாயு ஏறிய இரத்தத்துக்கும் வேறுபாடு தெரியாது. 98 காட்டியதன் இரகசியம் அதுவே.

மருமகளைக் கேட்டேன். குழந்தையைக் குளிப்பாட்டி வந்த பிறகு தமக்கும் தலை வலிப்பதுண்டு என்றும், பனியினால் என்று நினைத்ததாகவும் சொன்னார். அம்மையார் ஊருக்குப் போயிருந்தால் நோய் தீர்ந்தது என்று வீட்டார் நினைத்திருப்பார்கள். அந்தக் குளியலறையில் குழந்தையும் தாயும் எஞ்சியிருப்பார்கள்.

அன்று மாலையே சன்னல் திறக்கப்பட்டது. அந்த வாரமே கீசர் வெளி பால்கனிக்கு மாற்றப்பட்டது. வெள்ளிக்கிழமைத் தலைசுற்றல் நின்றது. ஆயினும் காலையில் எழுந்ததும் சிறிது கண் இருட்டுவது மட்டும் நிற்கவில்லை. நிற்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தபோது மேல் எண் 138இலிருந்து 112க்கு இறங்கியது. கொதிப்பு மாத்திரையின் அளவைக் குறைத்ததும் அதுவும் சரியாயிற்று. ஒருவருக்கு ஒரே காரணந்தான் இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். ரயில் சீட்டை ரத்துச் செய்துவிட்டு, அம்மையார் பங்குனி வரை பேரக்குழந்தையோடு இருந்துவிட்டே ஊர் திரும்பினார்.

செய்ய வேண்டியவை

காஸ் கீசர் உள்ள நேயர்கள் இந்த வாரமே அதைச் சென்று பாருங்கள். குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் அதை மாற்றி வைப்பதே சிறந்தது. மாற்றும் வரையில், கதவைத் திறந்து வைத்தபடி வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை நிறுத்திவிட்டு, அதன் பிறகே உள்ளே சென்று குளிக்க வேண்டும். காற்றுத் துவாரங்களை அடைக்கலாகாது. வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடம் இதை வற்புறுத்திக் கேட்பதில் தவறில்லை. வட இந்தியக் குளிருக்குப் பழக்கமில்லாத நாம், அண்டை வீட்டாரைப் பார்த்துக் கரி அங்கீட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவது பேராபத்து. ஒரே வீட்டில் இருவருக்கு மேல் தலைவலியும் சுற்றலும் வந்து, வெளியே போனால் தெளிகிறதென்றால், முதலில் இதனையே சந்தேகியுங்கள். யாரேனும் விழுந்துவிட்டால் கதவு சன்னல்களைத் திறந்து, காஸை நிறுத்தி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 112க்குத் தொலைபேசி செய்யுங்கள்.

காரணம் தெரியாமல் தலை சுற்றுகிற ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, நீடித்த நேரம், சுழன்றதா இருட்டியதா தள்ளாடியதா, உடன் வந்தவை யாவை, அன்று உண்ட மாத்திரைகள் யாவை என்பவற்றை எழுதுங்கள். உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

ஆனால் நோட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாத நேரமும் உண்டு. தலைசுற்றலோடு வாய் கோணினாலும், பேச்சுக் குழறினாலும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும், கையோ காலோ ஒரு பக்கம் துவண்டாலும், திடீரென்று நிற்கவோ நடக்கவோ முடியாமற்போனாலும், இதுவரை இல்லாத கடும் தலைவலியோ மார்வலியோ வந்தாலும், அன்றே, அப்பொழுதே, பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். "சற்றுப் படுத்தால் சரியாகிவிடும்" என்று காலம் தாழ்த்தலாகாது.

பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதனால் ஒருவருக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. மனக்கவலையாலும் தலை சுற்றுவது உண்மையே; ஆனால் மற்றவை அனைத்தையும் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். சிறப்பாக, மொழி தெரியாத ஊரில் நம் வீட்டுக்கு வந்திருக்கும் பெற்றோர் தலை சுற்றுகிறது என்று சொன்னால், அவர்கள் அருகில் அமர்ந்து, எப்போது, எங்கே என்று பொறுமையாகக் கேளுங்கள்.

முதியோர் வீட்டுக்குள் தடுக்கி விழாமற் காப்பது எப்படி என்பதை அடுத்த திங்கள் பார்ப்போம். அனைவரும் நலமாக இருங்கள்.